விடுவிக்கப்படாத பதிவு

செவ்வாய்க் குடியிருப்பில் காலையில் பல் துலக்கும்போதே எல்லோரும் தலையைக் காலி செய்துகொள்வார்கள். முந்தைய நாள் பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பார்த்த பதிவுகளை, காதுக்குப் பின்னால் பதித்த சில்லு விடுவித்துவிடும். வாய் கொப்பளிப்பதற்குள் முடிகிற வேலை.

பூங்கோதைக்கு முடியவில்லை. அவள் சில்லு தொண்ணூற்றெட்டு விழுக்காடு நிரம்பியிருந்தது. நூற்றைத் தொட்டால் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். இங்கே வந்தபின் சேர்ந்த பதினோரு வருட நினைவும் போய்விடும். மகள் பிறந்தது உட்பட.

தரவுத்தளத்துக்கும் சில்லுக்கும் நடுவே ஓடும் மென்பொருளின் பெயர் இணைப்பி. அதில் நினைவு கசிகிறது, அதாவது திறந்த பதிவுகளை மூடாமல் சேர்த்துவைக்கிறது என்று ஊரே சொன்னது. பொறியாளர் செபஸ்தியான் மட்டும் நம்பவில்லை. அவளை எதிரே உட்காரவைத்துச் சோதித்தான்.

“கசிவே இல்லக்கா. நாலு தடவ பாத்துட்டேன். ஒரு பதிவைத் திறந்தா, அந்த விஷயம் முடிஞ்சதுன்னு நீங்க நினைக்கணும். அப்பதான் இணைப்பி அதை மூடும். நீங்க ஒண்ணை முடிக்கவே மாட்டேங்கிறீங்க.”

“நானா? எதை?”

திரையைத் திருப்பினான். ஒரு கல்யாணப் பத்திரிகை. அவள் அண்ணன் மகளுடையது. ஆறு வருடங்களில் ஒன்பது லட்சம் முறை திறக்கப்பட்டிருந்தது. ஒருமுறைகூட மூடப்படவில்லை.

“மாப்பிள்ளையோட ஒண்ணுவிட்ட சித்தப்பா பேரு வரைக்கும் இருக்கு. அத்தை பேரைத்தான் காணோம்,” என்றாள். குரல் நேற்று நடந்ததுபோல் இருந்தது.

“அச்சுப்பிழையா இருக்கும்க்கா.”

“இந்தக் காலத்துல அச்சு எங்க தம்பி இருக்கு?”

அவன் சிரிக்கவில்லை. “நீங்க சம்மதிச்சா இதை மட்டும் விடுவிச்சிடலாம். அந்தக் கல்யாணமே அடியோட மறந்துபோகும். மத்ததெல்லாம் பத்திரமா இருக்கும்.”

பூங்கோதை மகளை நினைத்தாள்.

“சரி. ஒரு பேனா குடு.”

உள்ளங்கையில் எதையோ எழுதி, விரல்களை மடக்கிக்கொண்டாள். “ம், விடு.”

தொண்ணூற்றெட்டு, நான்கானது. செபஸ்தியான் அறிக்கையில் எழுதினான்: இணைப்பியில் குறை இல்லை. ஆய்வு முடிந்தது.

அவள் கையை விரித்துப் படித்தாள். ‘பத்திரிகையில் என் பெயரைப் போடவில்லை. மறக்காதே.’

“தம்பி, யாரு பத்திரிகையில?”

“சொல்ல மாட்டேன்க்கா. சொன்னா திரும்பவும் ஆரம்பிப்பீங்க.”

“நீ சொல்ல வேணாம். எனக்கு ஆளைத் தெரியாதா? நானே கண்டுபிடிச்சுக்கறேன்.”

கண்களை மூடிக்கொண்டாள். தரவுத்தளத்தில் அவளுக்கு உறவினர்கள் இருநூற்றுப் பதினாறு பேர். இணைப்பி ஒவ்வொருவராகத் திறந்து காட்டியது. அவள் யாரையும் முடித்துவைக்கவில்லை.

திரையில் எண் ஏறியது. ஒன்பது. பதினேழு. முப்பத்திரண்டு.