தார்ன்வெல்லின் கடைசிக் கதவு

டெஸ்மண்டுக்கு ஒரு பழக்கம். பின்னால் யாராவது வரும் சத்தம் கேட்டால் போதும், கதவைத் திறந்து பிடித்தபடி நின்றுவிடுவார். "என்னைக் கட்டுனதுக்குப் பதிலா ஒரு கதவைக் கட்டியிருக்கலாம் நீங்க" என்று அவர் மனைவி பெரில் கேலி செய்வாள். போன குளிர்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு வீட்டில் ரேடியோ பேசும், இவர் கேட்பார். அவ்வளவுதான் பேச்சுத்துணை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரார் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டிருந்த பழைய தார்ன்வெல் மாளிகைக்கு பஸ் ஏறினார். சுற்றிக்காட்டுகிறவர்களாவது நாலு வார்த்தை பேசுவார்களே என்ற நப்பாசை.

மழை பிடித்துக்கொண்டதில் கூட்டமே இல்லை. மாடிப் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பின்னால் காலடி கேட்டது. மெல்லிய, அவசரமில்லாத காலடி. வழக்கம்போல் கதவைப் பிடித்தார்.

யாரும் வரவில்லை.

ஓவியக்கூடத்துக் கதவிலும் அதே காலடி. பிடித்தார். இந்தமுறை அவர் கையை உரசிக்கொண்டு ஏதோ கடந்து போனது. ஈரமண் வாசனை அடித்தது.

கீழே, தோட்டத்துக்குப் போகும் கதவருகே வினிஃபிரட் உட்கார்ந்திருந்தாள். பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வயதான பெண்மணி.

"யாருக்குங்க இப்படிக் கதவைப் புடிச்சிட்டு நிக்கிறீங்க? பின்னால மகாராணி வர்றாங்களா?"

சிரித்தவள், ஈரமண் வாசனை பட்டு மூக்கைச் சுளித்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"மாடியிலேருந்து எல்லாக் கதவையுமா புடிச்சீங்க?"

"ஆமா. ஏன்?"

"இந்த வீட்டுல செத்து அலையுறாளே ஒருத்தி, அவளால எந்தக் கதவையும் தானாத் தாண்ட முடியாதுங்க. யாராச்சும் புடிச்சாத்தான். அவ வெளியே போக இது ஒண்ணுதான் பாக்கி. கதவை விட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வெளியே ரோஜாச் செடிகள் மழையில் தலை தொங்கி நின்றன. டெஸ்மண்டுக்கு முதுகு சில்லிட்டது. விட்டுவிடத்தான் நினைத்தார்.

காதோரம் ஒரு பெண்குரல்.

"நன்றிங்க."

இத்தனை பக்கத்தில் வந்து அவரிடம் யார் பேசினார்கள், பெரிலுக்குப் பிறகு? ஒருவேளை அவளேதானோ? பாழும் மனசு அப்படித்தான் கேட்டது.

அவர் கதவை விடவில்லை.

தோட்டத்துச் சரளைப் பாதையில் அவர் காலடியோடு இன்னொரு காலடியும் வந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. தன் வீட்டுக் கதவையும் பிடித்து நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்.

டீ போட்டார்.

"சர்க்கரை எத்தனை கரண்டி, பெரில்?"

பெரில் சர்க்கரையைத் தொட்டதே இல்லை. இப்படிக் கேட்டால், 'புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?' என்று ஒரு பிடி பிடிப்பாள். அந்தத் திட்டுக்காகத்தான் கேட்டார்.

எதிர் நாற்காலி தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது.

"ரெண்டு."

டெஸ்மண்டுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிறகு இரண்டு கரண்டி போட்டு, நன்றாகக் கலக்கி, அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

உறிஞ்சும் சத்தம் கேட்டது.