கூப்பிட்டவர்கள் போன பிறகு

சித்தூரிலிருந்து வந்த பஸ் உதயாவைக் கங்காதர நெல்லூரில் இறக்கிவிட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எங்கோ வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் அந்த வாசனை. வழி கேட்டதும் டீக்கடைக்காரர் முகம் மாறியது.

"புருஷோத்தமன் வூடா? கோடி வூடு. நீல கேட்டு."

புருஷோத்தமனை உதயா ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாகக் காதில் கேட்ட குரல், அவ்வளவுதான். உதயாவுக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை. வேலை முடிந்தால் ஆன்லைன் விளையாட்டு. அணிக்கு ஐந்து பேர், எதிரே ஐந்து பேர். உதயா கேப்டன், வாளோடு முன்னால் பாய்கிறவன். புருஷு ஹீலர். பின்னால் நின்று, அடிபட்டு விழப்போகிறவர்கள்மேல் கோலிலிருந்து பச்சை ஒளியை அனுப்பி எழுப்பிவிடுவான். ஹீலர் போய்விட்டால் அணியே போச்சு.

அந்தக் கடைசி மேட்ச்தான் உதயாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. போட்டியின் இறுதிச் சுற்று. வளவளவென்று பேசுகிற புருஷு அன்று வாயே திறக்கவில்லை. பாதி ஆட்டத்தில்தான் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணா, கை மரத்துப்போச்சுண்ணா. கூப்புடுறாங்க. நான் போவணும்."

"எவன் கூப்ட்டாலும் போவாதடா! நீ போனா எல்லாரும் காலி. நான் சொல்ற வரைக்கும் எடத்த வுட்டு அசையக்கூடாது."

"சரிண்ணா."

ஜெயித்தார்கள். உதயா கத்திக் கொண்டாடிவிட்டுத் தூங்கிப்போனான். மறுநாள் அணியின் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: புருஷு செத்துட்டான்.

எப்படி என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கை மரத்துப்போனால் மாரடைப்பாக இருக்கலாம் என்று எங்கோ படித்தான். அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. சாவுக்கும் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. புருஷுவின் அக்கா ரூபா எப்படியோ நம்பரைத் தேடிப்பிடித்து, "ஒரு வாட்டி வந்துட்டுப் போங்கண்ணா" என்று கூப்பிட்டபோது, மறுக்க நா எழவில்லை.

கேட்டைத் திறந்த ரூபாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நைனாவும் அம்மாவும் கழனிக்குப் போயிருக்காங்க. அவங்க இல்லாதப்ப வரட்டும்னுதான் உங்களக் கூப்ட்டேன்."

உதயா உட்காரவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டான்.

"நான் ஒன்னு சொல்லணுங்க. அன்னிக்கு சாயந்திரம் ஆடிக்கினு இருக்கும்போது கை மரத்துப்போச்சுன்னான். போவணும்னு கேட்டான். நான்தாங்க வுடல. அப்பவே வுட்டிருந்தா, ஆஸ்பத்திரிக்காவது..."

ரூபா அவனையே பார்த்தாள்.

"எந்த சாயந்திரம்?"

"ஃபைனல்ஸ் அன்னிக்கு. அவன் செத்துப்போன அன்னிக்கு."

"அண்ணா, அவன் காலையிலேயே போய்ட்டான்." அவள் குரல் மெலிந்தது. "மோட்டார் போடப் போனான். கரண்ட் அடிச்சி கையெல்லாம் கருகிப்போச்சு. சாயந்திரம் நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில, அவன் ஒடம்புக்காகக் காத்துக்கினு இருந்தோம். இந்த வூடு பூட்டிக் கெடந்துது."

உதயாவின் மூக்கில் வெல்ல வாசனை நின்றுபோனது. கருகிய நாற்றம் ஒன்று மெல்ல ஏறியது.

"அதுக்குத்தான் கூப்ட்டேன். உள்ள வாங்க."

ஜன்னல் சாத்திய சின்ன அறை. மேசைமேல் கம்ப்யூட்டர். பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டிருந்தாள். ஒயர் சுவரைத் தொடாமல் சுருண்டு கிடந்தது.

ரூபா மேலே போட்டிருந்த துணியை விலக்கினாள். திரை எரிந்துகொண்டிருந்தது.

அவர்கள் ஜெயித்த அதே போர்க்களம். எதிரிகள் இல்லை. அணி இல்லை. நடுவில் வெள்ளை அங்கி போட்ட ஹீலர் மட்டும் கோலைத் தூக்கியபடி நின்று, அங்கே இல்லாத யாருக்கோ பச்சை ஒளியை அனுப்பிக்கொண்டே இருந்தான்.

"ஒரு மாசமா இப்படியேதான் நிக்கிறான்," ரூபா கிசுகிசுத்தாள். "அம்மா கண்ணுல படாம துணி போட்டு மூடிவெச்சிருக்கேன்."

மேசைமேல் கிடந்த ஹெட்செட்டிலிருந்து இரைப்பு கேட்டது. நின்று நின்று, இழுத்து இழுத்து.

உதயா அதை எடுத்து மாட்டினான். அது உடம்புச் சூட்டோடு இருந்தது.

"புருஷு?"

இரைப்பு நின்றது.

"மேட்ச் முடிஞ்சிதாண்ணா?"

உதயா நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். செத்துப்போனவன் வழி கேட்டு நின்றிருக்கிறான். வாசலை மறித்துக் காவல் வைத்தது இவன். ஒரு கோப்பைக்காக.

"முடிஞ்சிதுடா. ஜெயிச்சிட்டோம்." அவன் அழுதுகொண்டிருந்தான். "நான் சொல்றேன், நீ போலாம். போய்டு கண்ணா."

திரையில் ஹீலர் கோலை இறக்கினான். இந்தப் பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் திரும்பினான். வெகுநேரம் அப்படியே நின்றான்.

"இப்ப யாரும் கூப்புடலண்ணா."

உதயா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அன்னிக்குக் கூப்ட்டாங்க. வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. நீ சொல்லலன்னு நான் போவல. அவங்க போய்ட்டாங்க. எனக்கு வழி தெரியலண்ணா."

பின்னால் ரூபா தாவணி முனையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. உதயாவின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இனி ஒரு நாளும் புருஷுவை இப்படி நிற்கவிடக்கூடாது என்று உதயாவுக்குத் தோன்றியது. வேறெதுவும் யோசிக்கவில்லை.

"என்கூட வந்துருடா," என்றான்.

திரை அணைந்தது.

"போய்ட்டானாண்ணா?"

"போய்ட்டான்," என்றான் உதயா, ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி, அவள் கண்ணைப் பார்க்காமல்.

ரூபா சுவரில் சாய்ந்து, தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே வந்தது. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவன் நிற்கவில்லை.

பஸ் கிளம்பும் நேரத்தில் ஓடிப்போய் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கரும்புத் தோட்டங்கள் பின்னால் ஓடின. காதருகே மூச்சு இரைத்தது. ஓடிவந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டான். பஸ் ஊரைத் தாண்டியது. இன்னும் இரைத்தது.

உதயா வாயை மூடி, மூச்சை அடக்கிப் பார்த்தான்.

இரைப்பு நிற்கவில்லை.