ஏறிவந்த ஆணி

ஏழாவது வீட்டு வாசலில் பூரணத்துக்கு நங்கென்று தலை இடித்தது. இருபது வருட அரசாங்க உத்தியோகத்தில் நிமிர்ந்தே நடந்து பழகியவளுக்கு அது தேவைதான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே தோளிலிருந்த, உயரம் அளக்கும் மட்டமானியை இறக்கி வைத்தாள்.

வீட்டுக்காரர் சந்தியாகு தன் வீட்டுக்குப் பாகப்பிரிவினை கேட்டு எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் வீட்டைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தார்களாம். வருடத்துக்கு மூன்று விரல் கடல் ஏறும் ஊரில் சுவரை வைத்து என்ன செய்வது? இப்போது வீடு முழுகும்வரை மிச்சமிருக்கும் காலத்தைத்தான் பிரிக்கிறார்கள். அதற்கு எஞ்சாண்டு என்று பெயர். முன்பாதி மூத்த பிள்ளைக்கு, பின்பாதி இளையதற்கு. அதை மதிப்பிடுவது பூரணத்தின் வேலை.

வானத்தில் சுற்றும் விண்கோள் அனுப்பிய கணக்கு பன்னிரண்டு ஆண்டு என்றது. மகன் மிக்கேலுக்கு முதல் ஆறு, மகள் அமலிக்குக் கடைசி ஆறு. அமலியின் மகளுக்கு இப்போது மூன்று வயது. அவள் பள்ளிக்கூடம் முடிக்குமுன்னே அடுப்படிக்குள் அலை வந்துவிடும். முறையை மாற்றித் தரச் சொல்லி அமலி கேட்டதிலிருந்து அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்றும் ஆளுக்கொரு மூலையில் உர்ரென்று நின்றார்கள்.

பூரணம் குனிந்து வாசற்படியிலிருந்த பித்தளை ஆணியைப் பார்த்தாள். தன் உயரத்தை விண்கோளுக்குச் சொல்லும் அரசாங்க ஆணி அது. அடித்து இருபத்தேழு வருடமாகிறது. ஆனால் அதைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு போன வருடத்துப் பூச்சுப்போலப் பளிச்சென்றிருந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"ஐயா, இந்த ஆணியத் தொட்டீங்களா?"

சந்தியாகு தலையைச் சொறிந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் வீட்டிலும் முற்றத்திலும் இரண்டு விரல் கனத்துக்குச் சிப்பியும் சுண்ணாம்பும் போட்டுத் தரையை ஏற்றுவது அவர் வழக்கம். கூரையையும் ஒரு தடவை தூக்கிக் கட்டியிருந்தார்.

"கவர்மெண்டு ஆணியாச்சேம்மா. பொதச்சா குத்தமாயிருமேன்னு ஒவ்வொரு தடவையும் புடுங்கி மேல அடிச்சிருவேன்," என்றார்.

பூரணத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நிலம் தானாக உயராது என்பது இயந்திரத்தின் படிப்பு. ஆணி உயர உயர அதைப் பழுது என்று தள்ளிவிட்டு, முதல் வருடத்து உயரத்தையே வைத்துக் கணக்குப் போட்டு வந்திருக்கிறது. அவள் கடல்மட்டத்திலிருந்து தன் கையாலேயே அளந்தாள். நம்பாமல் மறுபடியும் அளந்தாள்.

"முப்பது ஆண்டு இருக்கு. ஆளுக்குப் பதினஞ்சு," என்றாள். இந்த வேலையில் அவள் வாயால் கூட்டிச் சொன்ன முதல் வீடு இதுதான்.

அமலி மகளைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். மிக்கேல் மட்டும் ஏதோ யோசனையில் நின்றான். அப்பா தரை போடும்போதெல்லாம் வேலையற்ற வேலை என்று கேலி செய்தவன் அவன்.

"என் மொறையிலயும் நான் ஏத்திக்கிட்டே வந்தா, கூடுற வருசம் யாருக்கு மேடம்?"

"பத்திரத்துல உங்க பதினஞ்சு மாறாது. கூடுறதெல்லாம் தங்கச்சிக்குத்தான்."

ஊரில் வேறு யாருமே தரையை ஏற்றாததற்கு அந்த விதிதான் காரணம். அடுத்தவர் காலத்துக்காக யார் சிப்பி சுமப்பார்கள்? பூரணம் அவன் முகத்தைப் பார்க்காமல் மட்டமானியை மடக்கினாள்.

மிக்கேல் மூலையில் கிடந்த கூடையை எடுத்தான். பல மாதத்துக்குப் பிறகு தங்கையிடம் வாய் திறந்தான்.

"சிப்பி எங்க அள்ளணும்ட்டி? இந்த வருசம் மூணு வெரலாப் போடுவோம்."

"வாசல் இன்னும் தாந்துருமேண்ணே," என்றாள் அமலி.

"குனிஞ்சு போனாப் போச்சு," என்று சொல்லிக்கொண்டே அவன் குனிந்து வெளியே போனான்.