ஸ்டியரிங் மேல் இரண்டு கைகள்

தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஆண்டவனே மனிதனுக்கு அளித்தான். அந்த உரிமையை இடுப்பில் சுமப்பவன் யாருக்கும் அஞ்சமாட்டான். வட கரோலினாவில் சனிக்கிழமைதோறும் தன் துப்பாக்கி உரிம வகுப்பை ரூஃபஸ் பெட்டவே இப்படித்தான் தொடங்குவார். இந்த ஞாயிறு மாலை அவர் மனைவியோடு சர்ச்சிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தார்.

புகையிலைக் காட்டை மூடிய பனியில், பின்னால் வந்த போலீஸ் காரின் நீல விளக்கு சத்தமில்லாமல் சுழன்றது. ரூஃபஸ் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்தார். சரளைக்கல் நெரிய யாரோ நிதானமாக நடந்துவரும் ஓசை கேட்டது. பக்கக் கண்ணாடியில் ஆளைக் காணோம். சர்ச் விருந்தில் கட்டிவந்த கோழி வறுவலின் மணத்தை மீறி, புதிதாகத் தோண்டிய குழியின் ஈரமண் வாடை ஜன்னல் வழியே ஏறியது.

"பேசுங்க வாத்தியாரே," என்றாள் பக்கத்திலிருந்த மனைவி ஓடெஸா. "நேத்து பூரா ஓயாத வாய் எங்க போச்சு?"

காலடி ஜன்னலருகே நின்றது.

"ஆபீசர், என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. துப்பாக்கி வலது இடுப்புல இருக்கு. என்ன செய்யணும்னு சொல்லுங்க," என்றார் ரூஃபஸ், பாடம் பிசகாமல்.

"கைய எடுக்காத." குரல் காதுக்குள்ளேயே கேட்டது.

"உங்க பேரு? பேட்ஜ் நம்பர்? கேக்க எனக்கு உரிமை இருக்கு!"



டக். இடுப்பிலிருந்த துப்பாக்கி உறையின் பொத்தான் கழன்றது. யாரும் தொடவில்லை. துப்பாக்கியின் கனம் மெல்ல மேலேறியது. விலா. தோள். கழுத்து. வலது நெற்றிப்பொட்டில் சில்லென்று குழாய்.

கண்ணை மட்டும் திருப்பினார். ஜன்னலில் சீருடை. பித்தளைப் பொத்தான்கள். காலருக்கு மேலே வெறும் பனி.

"தலையில்லாத பயலுக்கு என் வீட்டுக்காரர் கேக்குதா!" ஓடெஸா கோழிப் பொட்டலத்தை வீசினாள். அது காலருக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் வரவேயில்லை.

அவள் எட்டிச் சாவியைத் திருகினாள். கியரைத் தள்ளினாள்.

"பிரேக்க விடுய்யா! ஆக்ஸிலேட்டர மிதி!"

பொட்டருகே துப்பாக்கி விசை அசைந்தது. தானாக.

ரூஃபஸ் ஜன்னல் பக்கம் பார்த்து, பிரேக்கிலிருந்து காலை எடுக்கலாமா என்று அனுமதி கேட்டார்.