கையில் ஒட்டிய பூண்டு

"அம்மா, பால் ஏன் மஞ்சளா இருக்கு?"

தம்ளரில் பால் வெள்ளையாகத்தான் இருந்தது.

"லைட்டு வெளிச்சம்டி. குடி."

மகள் குடிக்கவில்லை. மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள்.

காலையில் அவளும் கணவனும் மகளும் மலைச்சரிவில் ஏறி, குளிர் விட்டதும் திட்டுத்திட்டாய்ப் பூத்திருந்த ஊதாப் பூக்களை மிதிக்காமல் தாண்டி, மரநிழலில் ஈரம் சொட்ட நின்ற காட்டுப்பூண்டுத் தழையை ஒரு கூடை நிறையப் பறித்து வந்திருந்தார்கள். மதியம் வதக்கிய அதன் வாசம் இன்னும் அடுப்படியில், திரைச்சீலையில், ஈரத் துண்டில் கனத்துக் கிடந்தது.

அதே மாதிரி இலையுள்ள விஷச்செடி ஒன்று உண்டு. அதற்குப் பூண்டு வாசம் கிடையாது. அதனால் அவள் ஒவ்வோர் இலையையும் கசக்கி மோந்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். பதினோரு வருஷப் பழக்கம். இன்றும் ஒன்றைக்கூட விடவில்லை.

"உன் பக்கத்துல வர முடியலடி" என்று கணவன் சிரித்தான். "நீ கல்லைத் தொட்டாலும் பூண்டு நாறுது."

அவள் கை நின்றது.

விரல்களை மோந்தாள். பூண்டு. கரண்டியை எடுத்துத் தேய்த்து மோந்தாள். பூண்டு. சாவியை. பூண்டு.

சன்னலோரக் குடுவையில், காலையில் அவன் மகளுக்குப் பறித்துக் கொடுத்த கொத்து. மணிமணியாய் வெள்ளைப் பூ. தண்டடியில் இரண்டு அகன்ற இலை.

"இதை எங்க பறிச்சீங்க?"

"பாறைக்குப் பின்னாடி. நீ கடைசியாப் பறிச்ச இடம்தான். பூண்டுப் பூதானே?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து மோந்தாள்.

இனிப்பு வாசம். பூண்டு இல்லை.

சட்டி காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. மகள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸின் குரல் நிதானமாக வந்தது. "வண்டி கிளம்பிடுச்சும்மா. மலை ஏறி வரணும். நாடி எப்படி இருக்கு?"

மகளின் நெஞ்சில் கை வைத்தாள். ஒரு துடிப்பு. காத்திருந்தாள். காத்திருந்தாள். இன்னொன்று.

"மெதுவா."

"பாக்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதாமா?"

"ஆமா."

"வேற யாரு சாப்பிட்டது?"

"மூணு பேரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவள் நிமிர்ந்தாள். சுவர். திரைச்சீலை. மகளின் முகம்.

"லைட்டை யார்டி மாத்தினது?" என்றான் கணவன், கண்ணைக் கசக்கியபடி.

சன்னலோரத்தில் அந்தப் பூக்கள் பளீரென்று மஞ்சளாக நின்றன.