துண்டு மூடாத படம்

ஜுலைகா பீவிக்குக் கணவர் இறந்த செய்தியைச் சொன்னது ஒரு போன். காலை 7.40. காரவள்ளியில் தன் வீட்டு அடுப்படியில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, “அக்கா, இது நம்ம பாய் மாதிரியே இருக்குதுங்க, பாருங்க” என்று போனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மாதிரி இல்லை. அவரேதான். சாலையோரச் சரளையில் மல்லாந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. படத்தின் கீழே, “மிளகு வியாபாரி அப்துல் நாசர் பாய் மலைப்பாதையில் மரணம். ஆழ்ந்த இரங்கல். அனைவரும் பகிரவும்” என்று எழுதியிருந்தது. எட்டு மணிக்குள் நூற்றுப் பதினான்கு பேர் இரங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அவசரம் போல.

செய்தி சொல்லப் போலீஸ் வீட்டுக்கு வந்தபோது மணி 8.30. அதற்குள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

9.15. மலைப்பாதை, முப்பத்தோராம் கொண்டை ஊசி வளைவு.

எஸ்.ஐ. பிரபாவதி மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிரே நிற்பவருக்கு வேர்க்கும். மொபெட் கிடந்த கிடையைப் பார்த்தார். செம்மேட்டுச் சந்தைக்கு மிளகு வாங்க ஏறிப்போன மனிதர் வளைவில் சரளையில் வழுக்கியிருக்கிறார். தலை தடுப்புச் சுவரில் மோதியிருக்கிறது. வேறு வண்டி உரசிய தடம் எங்கும் இல்லை. சுத்தமான விபத்து. கேஸ் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

பிரபாவதிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேடிக்கை பார்ப்பவர்களை விரட்ட மாட்டார். “எடுத்த படமெல்லாம் எனக்கும் அனுப்புங்க” என்பார். சனங்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள். செம்மேட்டிலிருந்து இறங்கிய முதல் பஸ் 7.10க்கு அங்கே நின்றிருக்கிறது. அதில் வந்தவர்கள் எடுத்து அனுப்பியது இருபத்திரண்டு படம். ஊரெல்லாம் சுற்றிய படத்தையும் சேர்த்தால் இருபத்து மூன்று.

10.00. ஸ்டேஷன்.

இறந்தவரின் தம்பி நவ்ஷாத், சென்றாயனின் சட்டைக் காலரைப் பிடித்தபடி உள்ளே வந்தான். சென்றாயன் மலைமேல் தேவனூர் நாட்டு விவசாயி. பன்னிரண்டு வருடமாக நாசர் பாய்க்குத்தான் மிளகு போடுகிறார். உடலை முதலில் பார்த்தவரும் பஸ்ஸை மறித்து நிறுத்தியவரும் அவர்தான்.

“மேடம், இவன்தாங்க படம் புடிச்சு உட்டவன். மொதல்ல பாத்ததும் இவன்தான். போனைத் தொறந்து பாருங்க, அதே படம் உள்ள இருக்குதுங்க.”

“எம்பட போன்ல இருக்குதுங்க, சாமி. குரூப்ல வந்துச்சு, அதுவா எறங்கிக்கிச்சு. நான் எடுக்கலீங்க.” சென்றாயன் அழுதுவிட்டார்.

பிரபாவதி ஏட்டு அர்த்தனாரியைத் திரும்பிப் பார்த்தார். “உங்க போனைக் காட்டுங்க.”

ஏட்டு நெளிந்தார். அவர் போனிலும் இருந்தது. ஸ்டேஷனில் இருந்த ஏழு போனிலும் இருந்தது.

“காலரை உடுங்க, நவ்ஷாத்.”

“உடறனுங்க. ஆனா எங்கண்ணன அந்தக் கோலத்துல ஊருக்கே காட்டினவன் இவன்தான்னு ஆச்சுன்னா, காரவள்ளியில ஒரு கடையும் இவன் மிளகைத் தொடாது. கால வெக்கவும் உடமாட்டோம்.”

நவ்ஷாத் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. சென்றாயனுக்கு அது தெரியும்.

11.30. காரவள்ளி.

கணவனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பது அவர்கள் வழக்கம். ஜுலைகா பீவி உள்ளறையில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருந்தார். பெண் என்பதால் பிரபாவதியை உள்ளே விட்டார்கள். கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நடுநடுவே போனையும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி எஸ்.ஐ.யின் கையைப் பிடித்து, “மண்டை பின்னால சுத்தமா ஒடஞ்சிருச்சுங்களா? படத்துல தெரியல” என்று ஆவலாகக் கேட்டார். பிரபாவதி கையை உருவிக்கொண்டார்.

ஜுலைகா பீவி அழவில்லை. “சாயந்தரம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்றாங்க. அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும்ங்க. அந்தப் படத்த எடுத்தது யாரு?”

“அவன் மேல புகார் குடுக்கறீங்களா?”

“அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க அந்தக் கையப் பாத்தீங்களா?”

பிரபாவதி படத்தைப் பெரிதாக்கினார். வலது கை நெஞ்சின் மேல் இருந்தது. நான்கு விரல் மடங்கி, ஆட்காட்டி விரல் மட்டும் நேராக எழும்பி நின்றது.

“இது என்னுங்க?”

“சொல்றேன். ஆனா எனக்கு ஆசையில அப்படித் தோணுதோ என்னமோன்னு பயமா இருக்குது. எடுத்தவன் வாயால வரட்டும்” என்ற ஜுலைகா பீவி, அவர் காதோடு இரண்டு வரி சொன்னார். பிரபாவதி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார். படத்தின் அடியில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கோட்டின் வலது முனையருகே ஒரு புள்ளி.

12.40. மறுபடியும் ஸ்டேஷன்.

மேஜை மேல் இருபத்து மூன்று படமும் வரிசையாகக் கிடந்தன. இருபத்திரண்டு படத்தில் நாசர் பாயின் முகத்தை ஒரு பச்சைத் துண்டு மூடியிருந்தது. வலது கை சரிந்து, விரல்கள் விரிந்து, சரளையில் கிடந்தது. நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மட்டையோடு ஒரு முழு வாழை இலை போர்த்தியிருந்தது. இருபத்து மூன்றாவதில் துண்டும் இல்லை, இலையும் இல்லை. தடுப்புச் சுவரின் மேற்பக்கம்கூடத் தெரிகிற உயரத்திலிருந்து எடுத்த படம்.

“துண்டு யாரோடது?” என்று பிரபாவதி சென்றாயனைக் கேட்டார்.

“என்னுதுங்க. மூஞ்சில ஈ மொச்சுச்சு. மூச்சு இருக்குதான்னு மூக்குல கைவெச்சுப் பாத்தனுங்க. இல்ல. அப்பறம் மூடினனுங்க.”

“கையத் தொட்டீங்களா?”

“தொடலீங்க. நான் வரும்போதே அப்படித்தான் கீழ கெடந்துச்சு.”

“எப்படி வந்தீங்க?”

“நடந்துதாங்க. கீழ எஸ்டேட்டுக்கு ஆளு வேலைக்கு. ஏழு மணி இருக்கும்.”

“வாழை இலை?”

“மேல்பக்கம் நடுரோட்டுல கெடந்துச்சுங்க, மட்டை மேல ஒரு கல்லு வெச்சு. வண்டிக்காரங்க போடுவாங்கல்ல, முன்னால ஏதோ கெடக்குது, பாத்து வான்னு. அதத்தான் இழுத்தாந்து மேல போத்தினேன். துண்டு முகத்துக்குத்தான் பத்துச்சு.”

பிரபாவதி பேனாவை மூடினார். மலையில் வண்டி நின்றாலோ ஆள் விழுந்தாலோ சாலையில் தழையை ஒடித்துப் போடுவது டிரைவர்களுக்குக் கையில் ஊறிய பழக்கம். நடந்து வருகிறவருக்கு அந்த யோசனை வராது. முப்பத்தோராம் வளைவில் உண்ணிச் செடியும் மூங்கிலும்தான் உண்டு. வாழை இல்லை. வாழைத்தார் ஏற்றி வருகிற வண்டியில் தார் நசுங்காமல் இருக்க இலையைப் பரப்பியிருப்பார்கள். சென்றாயனுக்கு முன்னால் அங்கே ஒரு டிரைவர் நின்றிருக்கிறான். பின்னால் வருகிற வண்டிகளுக்கு எச்சரிக்கை வைத்திருக்கிறான். மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அர்த்தனாரி விசாரித்து வந்தார். அன்று காலை அந்த நேரத்தில் தார் ஏற்றி இறங்கிய பிக்கப் வண்டிகள் இரண்டுதான். ஒன்று மாதேஸ்வரனுடையது. மற்றது பூபதியுடையது. மலையில் நடப்பதையெல்லாம் போடுகிற குரூப்புக்கு அட்மினும் பூபதிதான். பாதி வழியில் சிக்னல் கிடையாது. அதனால் எல்லாப் படமும் ஏழரைக்கு மேல்தான் வெளியே போயிருக்கிறது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மாதேஸ்வரனிடம் பிரபாவதி போனிலேயே கேட்டார். “நீங்க வரும்போது ரோட்டுல என்ன கெடந்துச்சு?”

“ரோட்டுல ஒண்ணும் இல்லீங்க. பஸ்ஸு நின்னுச்சு. பாய் மேல எல போத்தியிருந்துச்சு.”

3.05. காரவள்ளி.

நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து குளிப்பாட்டி முடிந்திருந்தது. பந்தலில் பூபதி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். துக்கத்தில் குறை சொல்ல முடியாத ஆள். தன் போனை மட்டும் சட்டைப் பையில் கேமரா வெளியே தெரியும்படி வைத்திருந்தான். வாசலில் நின்ற அவன் வண்டியைப் பிரபாவதி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு அவனைத் திரைக்கு இந்தப் பக்கம் கூடத்துக்கு அழைத்தார். நவ்ஷாத்தும் சென்றாயனும் நின்றார்கள். திரைக்குப் பின்னால் ஜுலைகா பீவி.

“படம் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?”

“யாரோ அனுப்புனாங்க மேடம். அப்பறம் அழிச்சிட்டாங்க. நான் பார்வேர்டு மட்டும்தாங்க. சொந்தக்காரங்களுக்குத் தெரியட்டும்னுதான்.”

“வளைவுல நின்னீங்களா?”

“நின்னனுங்க. பஸ்ஸு போனதுக்கப்பறம், ஏழரை இருக்கும்.”

“மூஞ்சியப் பாத்தீங்களா?”

“துண்டு மூடியிருந்துச்சே. எங்க பாக்கறது?”

“வளைவு மறைவாச்சே. முன்னால ஆளு கெடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“மேல்பக்கம் ரோட்டுல வாழை மட்டை கெடந்துச்சுங்க, கல்லு வெச்சு. அதப் பாத்துத்தான் ஓரங்கட்டுனேன்.”

சென்றாயன் நிமிர்ந்து பார்த்தார்.

பிரபாவதி குரலை உயர்த்தவில்லை. “ஏழு மணிக்கே அந்த இலைய சென்றாயன் எடுத்து பாய் மேல போத்திட்டாரு. பஸ்ஸுல வந்தவங்க எடுத்த இருபத்திரண்டு படத்துலயும் அது அவரு மேலதான் இருக்குது. ரோட்டுல அதப் பாத்திருக்கணும்னா ஏழு மணிக்கு முன்னாடி பாத்திருக்கணும். இல்ல, போட்டவனா இருக்கணும். வண்டிய விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே சீட்டுல இருந்தபடி எடுத்திருக்கீங்க. அதான் சுவத்துக்கு மேலயும் தெரியுது.”

பூபதி சட்டைப் பையிலிருந்த போனை உள்ளே அழுத்தினான். “செத்தவரத்தானுங்க எடுத்தேன். அது ஒரு குத்தமுங்களா? நாடே எடுக்குது.”

“செத்தவரா?” பிரபாவதி படத்தைக் காட்டினார். “இந்த வெரலப் பாருங்க. செத்தவர் கை எப்படி இருக்கும்னு மத்த படத்துல இருக்குது. சரிஞ்சு கெடக்குது. சென்றாயன் தொடல. அப்ப இதுல விரலத் தூக்கிப் புடிச்சது யாரு? அவருதான். உசுரு போற நேரத்துல இறைவன் ஒருவனேன்னு கலிமா சொல்லி, இவங்க ஒத்தை வெரல உயர்த்துவாங்க. உங்களுக்கு அது தெரியாது. வெரல்தானேன்னு உட்டுட்டீங்க. காலையில 7.40க்கே இந்தம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு.”

கூடத்தில் அழுகை நின்றது.

“அடியில இருக்கற கோடு வீடியோவுல ஓடற கோடு. நீங்க போட்டோ எடுக்கல, வீடியோ எடுத்தீங்க. அதப் போட்டா ஆளு உசுரோட இருந்தது தெரிஞ்சிரும்னு, கடைசியில ஒரு எடத்துல நிறுத்தி அத மட்டும் படமாக்குனீங்க. போனைக் குடுங்க.”

பூபதி கொடுத்தான். “பயந்துட்டனுங்க மேடம். போலீஸு, கேஸுன்னு இழுப்பாங்க, லோடு நின்னுரும்னு... சிக்னல் வந்தவொடனே சொல்லலாம்னுதான்...”

“சிக்னல் வந்தவொடனே குரூப்புல போட்டீங்க.”

அழித்தவை கிடக்கும் இடத்திலேயே வீடியோ இருந்தது. பத்தொன்பது விநாடி. பிரபாவதி திரையருகே போய், “நீங்க கேட்டே ஆகணும்னு இல்லீங்க” என்றார்.

“மூஞ்சிய நான் இன்னொருக்கா அப்படிப் பாக்கமாட்டேன். சத்தத்த மட்டும் வெய்ங்க.”

போனைக் குப்புறக் கவிழ்த்துத் திரைக்கடியில் வைத்தார். வண்டி இன்ஜின் சத்தம். அதற்குள் ஒரு மெலிந்த குரல்: “தம்பி... தண்ணி.” கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும். மறுபடியும், “தண்ணி.” பிறகு ஒரு நீண்ட மூச்சு. அந்தக் குரல் யாரையும் எதையும் கேட்பதை விட்டுவிட்டு, நிதானமாக, “லா இலாஹ இல்லல்லாஹ்” என்றது. வீடியோ முடிந்தது.

திரைக்குப் பின்னால் ஜுலைகா பீவி அப்போதுதான் அழுதார். யாரும் போய்த் தேற்றவில்லை. தானாக ஓய்ந்தபோது அவர் குரல் தெளிவாக இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ். கலிமாவோடதான் போயிருக்காரு. அவருக்கு ஒரு கொறையும் இல்ல. நவ்ஷாத்து, சென்றாயன் அண்ணங்கிட்ட மன்னிப்புக் கேளு. அவரு துண்ட ஆஸ்பத்திரியில வாங்கியாந்தீங்கல்ல? அது எங்கூட்டுலயே இருக்கட்டும், அண்ணனுக்குப் புதுசு எடுத்துக் குடு.” பிறகு எஸ்.ஐ.யிடம், “மேடம், அந்தத் தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னேன்ல. வண்டியில தண்ணி இருந்துச்சா?”

பிரபாவதிக்குப் பதில் தெரியும். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டிலைப் பார்த்திருந்தார். ஆனாலும் பூபதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இருந்துச்சுங்க” என்றான் பூபதி.

நவ்ஷாத் சென்றாயனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “உடுங்க சாமி” என்றார் சென்றாயன். அர்த்தனாரி பூபதியைப் பின்வாசல் வழியாக ஜீப்புக்கு அழைத்துப்போனார்.

அசர் தொழுகை முடிந்து, உடல் இருந்த சந்தூக்கைத் தோளில் தூக்கினார்கள். தெருவில் கூட்டம் நெருக்கியது. பந்தல் காலருகே ஓர் ஆள் எக்கி நின்று போனை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற சென்றாயன் தன் உள்ளங்கையை அந்தக் கேமராவின் மேல் வைத்து, சந்தூக்கு தெரு முனை திரும்புகிற வரை விலக்காமல் நின்றார்.