இடப்பக்கப் பாரம்

1962ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், என் பழைய கறுப்புக் காரை மாத்தளையில் சாலிஹ் நானாவின் கராஜில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாத்தளைக்கு வடக்கேயுள்ள நாலந்தாவில் ஆசிரியராகப் பணிபுரிந்த எனக்கு அன்று ஒரே ஓர் அவசரம்தான். மனைவி ஹமீமாவுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளையும் வீட்டுப் பிரசவத்திலேயே இழந்திருந்தோம். இம்முறை வலி கண்டவுடன் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். காரோ நேராக ஓட மறுத்தது.

குறையைப் பணிவுடன் விளக்கினேன். பத்து நாளாக வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பின்புறத்தின் இடது மூலை தாழ்ந்து கிடக்கிறது. நாலந்தாவுக்குச் சற்று முன்னால், கைவிடப்பட்ட கொக்கோத் தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில், ஸ்டியரிங் என் கைகளை மீறி அப்பாதைக்கே திரும்பப் பார்க்கிறது.

"மாஸ்டர் ஓட்டுற ஓட்டத்துக்கு மாட்டு வண்டிலே முந்திக்கிட்டுப் போகும். ஸ்பிரிங் எப்பிடி ஒடையும்?" என்று சிரித்தபடி அவர் வேலையைத் தொடங்கினார்.

டயர்களில் காற்று சமமாக இருந்தது. முன் சக்கரங்களை ஜக் வைத்துத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சக்கரம் திரும்பும் 'கிங் பின்' அச்சாணியில் தளர்வில்லை. ஸ்டியரிங் கம்பிகளின் மூட்டுகளும் இறுக்கமாகவே இருந்தன. நூல் பிடித்துச் சக்கரங்களின் நேர் பார்த்தார், அதிலும் பிசகில்லை. இறுதியில் பின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டினார். பட்டைதான் தளர்ந்தது என்றால் தாழ்வு இனி வலப்பக்கம் வர வேண்டும் என்றார்.

ஜக் இறங்கியது.

இடப்பக்கமே தாழ்ந்தது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். வலது மூலையை அழுத்தி விட்டார். அது துள்ளி அமர்ந்தது. இடது மூலையை அழுத்தினார். அது துள்ளவில்லை. உள்ளே யாரோ நிலைகுலையாமல் பிடித்துக்கொண்டதைப் போல, மெதுவாக, மிக மெதுவாக மேலெழுந்தது. சாத்திய கதவிடுக்கிலிருந்து ஈரத்துணியின் வாடை வந்தது.

"பழுது இல்ல மாஸ்டர்," என்றார் தணிந்த குரலில். "பாரம் இரிக்கி. யாரையும் ஏத்துனீங்களா?"

ஏற்றியிருந்தேன். பத்து நாளுக்கு முன், கொட்டும் மழையில், ஆஸ்பத்திரி வாசலில் முக்காடிட்டு நின்ற ஒரு பெண். தோட்டத்துப் பாதையடியில் இறக்கிவிடும்படி கேட்டாள். அந்நியப் பெண்ணைப் பார்ப்பது முறையன்று எனக் கருதி, பின்னிருக்கை தெரியும் கண்ணாடியைக்கூட மேல்நோக்கித் திருப்பிவிட்டேன். பாதையடியில் நிறுத்தினேன். இறங்கப் போதுமான நேரம் காத்திருந்துவிட்டு, திரும்பிப் பாராமலே புறப்பட்டேன்.

"எறங்குனத கண்டீங்களா?"

நான் காணவில்லை.

அந்தப் பாதையடிக்குச் சாலிஹ் நானாவும் என்னுடன் வந்தார். பாதையடியை அடைந்தபோது மழை விட்டிருந்தது. கொக்கோ மரங்களுக்கிடையே பகலிலேயே இருட்டாக இருந்தது. நான் இறங்கி, இடப்பக்கப் பின் கதவைத் திறந்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன்.

"எடம் வந்திட்டு தங்கச்சி. எறங்குங்க."

இலைகளிலிருந்து நீர் சொட்டியது.

பிறகு ஸ்பிரிங் முனகியது.

காரின் இடது மூலை விரல் விரலாக உயர்ந்து, வலதுக்குச் சமமாக நின்றது. என் முழங்கையைக் குளிர்ந்த ஏதோ உரசிக் கடந்தது.

நெஞ்சு நிறைந்த நிம்மதியில், யாரை வழியனுப்பினாலும் நம்மவர்கள் சொல்வதை நானும் சொல்லிவிட்டேன்.

"இன்னொரு நாளைக்கு நம்ம வீட்டுக்கும் வாங்க."

சாலிஹ் நானா என் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

"என்னத்த சொன்னீங்க மாஸ்டர்?"

மூன்றாம் நாள் ஹமீமாவுக்கு வலி கண்டது. கார் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. ஆண் குழந்தை, உயிரோடு பிறந்தான். மாத்தளையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, முன்னறை உத்தரத்தில் என் கையாலேயே தொட்டில் கட்டினேன்.

மறுநாள் நண்பகலில் அறைக்குள் நுழைந்தேன். தொட்டில் கயிறு விறைத்திருந்தது. உத்தரம் மெல்லக் கிறீச்சிட, துணி கனத்துத் தொங்கியபடி ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையின் தூக்கம் கலையக் கூடாதென்று, கதவோரமாகவே ஒதுங்கி நின்றேன்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்று எனக்குப் பின்னாலிருந்து ஹமீமா கிசுகிசுத்தாள்.

அவள் கையில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தான்.